வசந்திக்கு, அந்தச் சுங்கவரிப் பக்கங்களைப் பற்றி

அன்புள்ள வசந்தி,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு ஆடி மாதம் பதில் எழுதுகிறேன். திட்டுவதாக இருந்தால் நேரில் வந்து திட்டு, வரும்போது உன் கைமுறுக்கு ஒரு டப்பா கொண்டு வா. மூட்டுவலி அப்படியேதான். வீட்டில் எல்லோரும் சுகம். சின்னவளுக்கு இன்னும் வரன் அமையவில்லை, அதைப் பற்றிக் கேட்காதே.

இப்போது பேனாவை எடுக்க வைத்தது நேற்றுத் தபாலில் வந்த உன் பதினான்கு பக்கம். நூலகக் கூட்டத்தில் அமெரிக்க உள்நாட்டுப் போரின் காரணங்களைப் பற்றிப் பேசப் போகிறாய் என்றதும் எனக்குச் சந்தோஷம். படித்து முடித்ததும் தூக்கம் போச்சு. முதல் மூன்று பக்கம் சுங்கவரி. அடுத்த நாலு பக்கம் மாநில உரிமை. ஒன்பதாம் பக்கத்தில் போய், "மற்றொரு காரணம்" என்று அடிமைமுறை. ஏண்டி, பத்தாம் வகுப்புப் பிள்ளை இப்படி எழுதியிருந்தால் நீ எத்தனை மார்க் போட்டிருப்பாய்? சரஸ்வதி டீச்சர் கையில் இது கிடைத்திருந்தால் சாக்பீஸ் நேராக உன் நெற்றிக்கு வந்திருக்கும்.

வரியை முதலில் முடித்துவிடுகிறேன், அது சின்ன விஷயம். வரிக்காகத் தெற்கு ஒருமுறை உண்மையாகவே முறுக்கிக்கொண்டது. 1832இல் தென் கரோலினா மத்திய அரசின் சுங்கச் சட்டம் தன் எல்லைக்குள் செல்லாது என்று அறிவித்தது. ஜனாதிபதி ஜாக்சன் மிரட்டினார், காங்கிரஸ் வரியைப் படிப்படியாகக் குறைத்தது, 1833இல் ஒரு குண்டுகூட வெடிக்காமல் விவகாரம் முடிந்தது. பணத் தகராறென்றால் பேரம் பேசித் தீர்க்கலாம் என்பதற்கு அதுவே சாட்சி. 1857ஆம் ஆண்டுச் சட்டத்தில் வரி அதற்கு முந்தைய பல பத்தாண்டுகளில் இல்லாத அளவுக்கு இறங்கியிருந்தது. நீ இரண்டாம் பக்கத்தில் பெரிதாகப் போட்டிருக்கிறாயே மோரில் வரி, இறக்குமதி வரியை ஏற்றிய சட்டம், அது செனட்டில் நிறைவேறியது 1861 பிப்ரவரியில். அதற்குள் ஏழு மாநிலங்கள் பிரிந்து, அவற்றின் செனட்டர்கள் பெட்டி கட்டிக் கிளம்பியாயிற்று. அவர்கள் போனதால்தான் அது நிறைவேறியது. மார்ச் 2ஆம் தேதி கையெழுத்துப் போட்டவரும் லிங்கன் இல்லை, புக்கானன். விளைவைக் கொண்டுபோய்க் காரணத்தின் இடத்தில் உட்கார வைத்திருக்கிறாய்.

அடுத்தது மாநில உரிமை, அதாவது மத்திய அரசின் தலையீட்டை எதிர்த்தே தெற்கு பிரிந்தது என்ற வாதம். எனக்குக் கோபம் வந்தது இங்கேதான், அதனால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

1850ஆம் ஆண்டின் தப்பியோடிய அடிமைச் சட்டத்துக்கு நீ ஒரே ஒரு வரி ஒதுக்கியிருக்கிறாய். அது எப்படி வேலை செய்தது என்று பார். வட மாநிலம் ஒன்றில் பல வருடமாக வேலை செய்து பிழைக்கும் ஒரு கறுப்பரை, 'இவன் என்னிடமிருந்து ஓடிப்போனவன்' என்று தெற்கத்திய முதலாளி பிடிக்கலாம். வழக்கு உள்ளூர் நீதிமன்றத்துக்குப் போகாது, மத்திய அரசின் ஆணையர் ஒருவர் முன் போகும். ஜூரி கிடையாது. முதலாளி தரப்பிலிருந்து பிரமாணப் பத்திரம் வந்தால் போதும். பிடிபட்டவர் தன் சார்பில் சாட்சி சொல்ல முடியாது, வாயைத் திறக்கவே சட்டம் இடம் கொடுக்கவில்லை. ஆணையரின் கட்டணம் என்ன தெரியுமா? 'இவர் அடிமையில்லை' என்று விடுவித்தால் 5 டாலர். அடிமை என்று ஒப்படைத்தால் 10 டாலர். ஒப்படைக்கும்போது எழுத்து வேலை அதிகமாம், அதற்காகவாம்! பிடித்துத் தர வேண்டிய மத்திய அரசு அதிகாரி, மார்ஷல், கடமை தவறினால் 1,000 டாலர் அபராதம். வழியில் நிற்கும் சாதாரண ஜனங்களையும் பிடிக்க உதவும்படி கட்டளையிடலாம். ஓடிவந்தவரை ஒளித்து வைத்தால் 1,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை.

இப்போது சொல், மாநில உரிமையை மிதித்தது யார்? இந்தச் சட்டத்தைக் கேட்டு வாங்கியது தெற்கு. 'எங்கள் சிறைகளை இதற்குத் தரமாட்டோம், எங்கள் அதிகாரிகள் உதவமாட்டார்கள்' என்று தனிநபர் சுதந்திரச் சட்டங்கள் போட்டது வடக்கு. விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் அந்த மத்தியச் சட்டமே செல்லாது என்றது. அதைத் தூக்கியெறிந்தது வாஷிங்டன் உச்ச நீதிமன்றம், 1859இல். தென் கரோலினா 1860 டிசம்பரில் தன் பிரிவினைக்குக் காரணம் எழுதி ஒரு பிரகடனம் வெளியிட்டதே, அதை எடுத்துப் படி. வட மாநிலங்களின் பெயரை வரிசையாகப் போட்டு, 'இவர்கள் தப்பியோடியவர்களைத் திருப்பித் தரவில்லை' என்று குற்றம் சாட்டுகிறது. நியூயார்க் தன் மண் வழியாக அடிமையை அழைத்துப் போகக்கூட விடவில்லை என்று புலம்புகிறது. அதாவது வட மாநிலங்கள் தங்கள் உரிமையைப் பயன்படுத்தியதே அதன் புகார். சுங்கவரி என்ற சொல் அந்தப் பிரகடனத்தில் இல்லவே இல்லை. மிசிசிப்பியின் பிரகடனம் சுற்றி வளைக்காமல், எங்கள் நிலைப்பாடு அடிமைமுறையோடு முழுக்கப் பிணைந்தது என்றே தொடங்குகிறது.

பிறகு பிரிந்த மாநிலங்கள் சேர்ந்து தங்களுக்கென்று எழுதிக்கொண்ட அரசியல் சட்டத்தைப் பார். அடிமைச் சொத்துரிமையைக் குறைக்கும் சட்டம் எதையும் இயற்றக் கூடாது என்று அதில் பச்சையாக எழுதினார்கள். அவர்களுடைய துணை ஜனாதிபதி அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் 1861 மார்ச் 21 அன்று சவானாவில் பேசியபோது, கறுப்பர் வெள்ளையருக்குச் சமமில்லை என்பதே இந்தப் புதிய அரசின் மூலைக்கல் என்றார். போரில் தோற்ற பிறகு அதே மனிதர் இரண்டு தடித்த தொகுதிகள் எழுதி, 'எல்லாம் அரசியல் சட்டத் தத்துவம் பற்றிய சண்டை' என்றார். உன் நான்காம் பக்கம் அந்த இரண்டாவது ஸ்டீபன்ஸின் பேரப்பிள்ளை.

ஆண்டனி பர்ன்ஸை நீ விட்டுவிட்டதில் எனக்கு வருத்தம். அந்த ஒரு வாரத்தை மட்டும் விரித்துச் சொன்னாலே அரங்கம் புரிந்துகொள்ளும். வர்ஜீனியாவிலிருந்து பாஸ்டனுக்குத் தப்பி வந்தவர். 1854 மே 24 அன்று பிடிபட்டார். 26ஆம் தேதி இரவு ஜனங்கள் நீதிமன்றக் கதவை உடைத்து மீட்கப் பார்த்தார்கள், காவலர் ஒருவர் செத்தார். ஜூன் 2 அன்று அவரைத் துறைமுகத்துக்கு நடத்திப் போனபோது தெருவின் இரு பக்கமும் துருப்புகள், பின்னால் சுமார் 50,000 பேர், கடைகளில் கறுப்புத் துணி. ஒரு மனிதரைத் திருப்பி அனுப்ப ஆன செலவு சுமார் 40,000 டாலர் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. மறு வருடம் அவரை விலை கொடுத்து மீட்க 1,300 டாலர்தான் ஆனது.

அந்த நகரில் ஏமோஸ் லாரன்ஸ் என்று ஒரு துணி ஆலை முதலாளி. அவர் ஆலைகளில் ஓடியது தெற்கின் பருத்தி. புரட்சிக்காரர் இல்லை, சமரசக் கட்சிக்காரர். அவரே எழுதினார்: பழைய பழமைவாதிகளாகத் தூங்கப் போனோம், பித்துப் பிடித்த அடிமைமுறை ஒழிப்புவாதிகளாக விழித்தோம் என்று. அதே வாரம், மே 30, அடிமைமுறை வேண்டுமா என்று அங்கே குடியேறுகிறவர்களே தீர்மானிக்கலாம் என்ற கன்சாஸ்–நெப்ராஸ்கா சட்டம் கையெழுத்தானது. லாரன்ஸ் பணம் கொடுத்து அடிமையெதிர்ப்புக் குடியேறிகளைக் கன்சாஸுக்கு அனுப்ப உதவினார், அங்கே எழுந்த ஊருக்கு அவர் பெயரே வந்தது. இரண்டு வருடத்தில் அந்த லாரன்ஸ் ஊரைத்தான் அடிமைமுறை ஆதரவுக் கும்பல் சூறையாடியது. 1856 மே 21. மறுநாள் செனட் அவைக்குள்ளேயே, அடிமைமுறையை எதிர்த்த செனட்டர் சம்னரைத் தென் கரோலினாவின் காங்கிரஸ் உறுப்பினர் புரூக்ஸ் கைத்தடியால் அடித்து வீழ்த்தினார், தெற்கிலிருந்து அவருக்குப் புதுத் தடிகள் பரிசாக வந்தன. 24ஆம் தேதி இரவு அடிமைமுறையை எதிர்த்த ஜான் பிரவுனின் ஆட்கள் கன்சாஸின் பொட்டாவட்டோமியில் ஐந்து பேரை வீட்டிலிருந்து இழுத்து வெட்டினார்கள். நாலு நாளில் மூன்று.

கன்சாஸ் ஏன் இவ்வளவு முக்கியம் என்று கோவிந்தன் சார் கண்டிப்பாகக் கேட்பார். அதற்குப் பருத்தியிலிருந்து போக வேண்டும். குட்டை இழைப் பருத்தியின் கொட்டையைக் கையால் பிரித்தால் ஒரு ஆள் நாள் முழுக்க உட்கார்ந்து ஒரு பவுண்டு. 1793இல் விட்னியின் யந்திரம் வந்த பிறகு ஒரு நாளைக்கு 50 பவுண்டு. கொட்டை எடுப்பது சுலபமானதும் வயலில் பறிக்க ஆள் போதவில்லை. 1790இல் சுமார் 7 லட்சம் அடிமைகள், 1860இல் சுமார் 39.5 லட்சம். 1808இலிருந்து வெளியே இருந்து கொண்டுவரத் தடை, ஆகவே இது பெரும்பாலும் அங்கேயே பிறந்த பிள்ளைகளின் கணக்கு. வர்ஜீனியாவில் புகையிலை நிலம் சோர்ந்தது, ஆட்களைத் தெற்கே விற்றார்கள். தாயை ஒரு பக்கம், பிள்ளையை ஒரு பக்கம். சுமார் 10 லட்சம் பேர் இப்படி இடம் மாற்றப்பட்டார்கள். கடனுக்கு அடமானமும் அவர்களே. 1860இல் அவர்களின் சந்தை மதிப்பு சுமார் 300 கோடி டாலர், நாட்டின் ரயில்வேயும் ஆலைகளும் சேர்ந்தாலும் அதை எட்டாது. அந்த மதிப்பைத் தாங்கிப் பிடித்தது புது நிலம். புது நிலத்துக்குக் கதவு அடைபட்டால் விலை சரியும், கடன் முங்கும். அதோடு புது மாநிலம் என்றால் இரண்டு செனட்டர்.

1819இல் இரண்டு பக்கமும் 11 மாநிலம். மிசௌரியை அடிமை மாநிலமாகவும் மெயினை அடிமையற்றதாகவும் சேர்த்து, 36 பாகை 30 கலை கோட்டுக்கு வடக்கே இனி வேண்டாம் என்று 1820இல் ஒட்டுப் போட்டார்கள். மெக்சிகோவிடம் பறித்த நிலம் அந்த ஒட்டைக் கிழித்தது. 1850இல் கலிபோர்னியா சேர்ந்ததும் அடிமையற்றவை 16, அடிமை மாநிலங்கள் 15. டெக்சாஸுக்குப் பிறகு ஓர் அடிமை மாநிலம்கூடச் சேரவில்லை. 1854இல் செனட்டர் டக்ளஸ் அந்த எல்லைக்கோட்டையே அழித்து, 'குடியேறுகிறவர்களே ஓட்டுப் போட்டுத் தீர்மானிக்கட்டும்' என்றார். நல்ல ஜனநாயகம் மாதிரித் தெரிகிறது இல்லையா? 1855 மார்ச் தேர்தலில் கன்சாஸில் தகுதியுள்ள வாக்காளர் சுமார் 2,900. விழுந்த ஓட்டு 6,000க்கு மேல். மிசௌரிக்காரர்கள் துப்பாக்கியோடு எல்லை தாண்டி வந்து போட்டுவிட்டுப் போனார்கள். நம் கூட்டுறவுச் சங்கத் தேர்தல் ஞாபகம் வருகிறதா? சிரிக்காதே.

1857இல், டிரெட் ஸ்காட் என்ற அடிமை விடுதலை கேட்ட வழக்கில் தீர்ப்பு. இன்னும் மாநிலமாகாத பிரதேசங்களில் அடிமைமுறையைத் தடுக்கக் காங்கிரசுக்கு அதிகாரமே இல்லை என்றார் தலைமை நீதிபதி டேனி. பேரம் பேச இருந்த மேசையையே எடுத்துவிட்டார். தீர்ப்போடும் தெற்கு நிற்கவில்லை. 1860இல் ஜனநாயகக் கட்சியின் சார்ல்ஸ்டன் மாநாட்டில், பிரதேசங்களில் அடிமைச் சொத்தை மத்திய அரசே காக்க வேண்டும் என்று கேட்டார்கள், கிடைக்காததால் எழுந்து போனார்கள், கட்சி இரண்டாக உடைந்தது.

'எதிரணி பிளந்ததால்தான் லிங்கன் ஜெயித்தார்' என்று எழுதியிருக்கிறாய். எண்ணிப் பார்க்கவில்லை நீ. அவருக்கு மக்கள் ஓட்டில் 40 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு, ஜனாதிபதியைத் தீர்மானிக்கும் மாநிலத் தேர்வாளர்களின் ஓட்டில் 303க்கு 180. மற்ற மூவரின் ஓட்டையும் ஒரே ஆளுக்குக் கூட்டினாலும் கலிபோர்னியா, ஒரிகன், நியூஜெர்சியின் 4 மட்டும் கைமாறும். அப்போதும் 169. தேவை 152. தெற்கின் பத்து மாநிலங்களில் அவருக்கு வாக்குச்சீட்டே இல்லை. தெற்கின் ஒரு ஓட்டும் இல்லாமல் ஜனாதிபதி ஆகலாம் என்ற அந்தக் கணக்கே அவர்களுக்குக் குலை நடுங்க வைத்தது.

'இருக்கிற இடத்தில் தொடமாட்டேன்' என்று லிங்கன் சத்தியம் செய்தாரே, பிறகு என்ன பயம்? இதற்கு உன் பிரதியில் பதில் இல்லை. ஒவ்வோர் ஊர் தபால் அதிகாரியையும் நியமிப்பது வாஷிங்டன். 1835இல் சார்ல்ஸ்டன் தபால் நிலையத்தில் புகுந்து ஒழிப்புவாதிகளின் பிரசுரங்களை எடுத்து எரித்தார்கள். இனி லிங்கன் ஆள் அங்கே உட்கார்ந்தால் மூட்டை பத்திரமாகப் பட்டுவாடா ஆகும். அடிமை வைத்திராத ஏழை வெள்ளையர்கள் நடுவே லிங்கனின் குடியரசுக் கட்சிக்கு ஒரு கிளை முளைக்கும். அவர்கள் எதிர்த்துப் பேசத் தொடங்கினால் உள்ளிருந்தே ஆட்டம் காணும்.

பிரிந்த வரிசையைச் சொல்ல மறக்காதே. மக்கள்தொகையில் அடிமைகள் 57 சதவீதம் இருந்த தென் கரோலினா முதலில், 1860 டிசம்பர் 20. அடுத்து 55 சதவீத மிசிசிப்பி. கால்வாசி இருந்த டென்னசி, சம்டர் கோட்டையில் போர் தொடங்கிய பிறகு. 2 சதவீதத்துக்கும் குறைவான டெலவேர் போகவே இல்லை. அடிமைகள் குறைவாக இருந்த மேற்கு வர்ஜீனியா மலைப் பக்கம் வர்ஜீனியாவிலிருந்தே பிய்த்துக்கொண்டது. ஒரு வரைபடம் மாட்டிச் சதவீதத்துக்கு ஏற்ப வண்ணம் தீட்டு, அரை மணிநேரப் பேச்சு மிச்சம்.

இன்னொரு பக்கமும் நியாயமாகச் சொல்ல வேண்டும். வடக்கு முதலில் அடிமைகளை விடுவிக்கக் கிளம்பவில்லை, ஒன்றியம் உடையாமல் காக்கவே கிளம்பியது. 1861 மார்ச்சில்கூட, மாநிலங்களில் உள்ள அடிமைமுறையை என்றும் தொடமாட்டோம் என்று ஒரு திருத்தத்தைக் காங்கிரஸ் நிறைவேற்றி நீட்டியது. பிரிந்தவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஏப்ரல் 12 அதிகாலை 4.30க்குச் சம்டர் மேல் பீரங்கி வெடித்தது. விடுதலைப் பிரகடனம் 1863இல். கறுப்பர்கள் சுமார் 1,80,000 பேர் சீருடை அணிந்தார்கள் என்பதை அந்த இடத்தில் சேர்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உனக்கு இதெல்லாம் தெரியாதா? தெரியும். வரியைப் பற்றிப் பேசினால் அரங்கில் யாருக்கும் முகம் சுருங்காது, அதனால் அதை முன்னால் வைத்தாய் என்று எனக்குத் தோன்றுகிறது. பேச வாய் இல்லாமல் ஆணையர் முன் நின்றவரைப் பற்றி நாமும் ஒன்பதாம் பக்கம் வரை பேசாமல் இருந்தால் எப்படி?

சில்லறைத் திருத்தங்கள்: மாநிலத்துக்கு எத்தனை காங்கிரஸ் இடம் என்று கணக்கிட ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணிய ஐந்தில் மூன்று விதியைப் பற்றி, 'கறுப்பரை முக்கால் மனிதராக எண்ணினார்கள்' என்று எழுதியிருக்கிறாய். ஐந்தில் மூன்று முக்கால் ஆகாது, சுண்டல் கணக்கு இன்னும் உன்னை விடவில்லை! அதோடு, முழுசாக எண்ணச் சொன்னது முதலாளிகள்தான். ஓட்டில்லாத ஆட்களைக் காட்டித் தங்களுக்கு அதிக இடம் வாங்க. பத்தாம் பக்கத்தில் லிங்கன் தேர்தல் 1861 என்று இருக்கிறது, அது 1860 நவம்பர் 6. போரால் அமெரிக்கப் பஞ்சு வராமல் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் இந்தியாவைத் தேடியது, திருநெல்வேலிப் பஞ்சு விலை ஏறியது, போர் முடிந்ததும் விழுந்தது, இதைக் கடைசியில் இரண்டு நிமிடம் சொல். அதையே தொடக்கமாக வைக்காதே, எல்லோரும் அங்கேயே நின்றுவிடுவார்கள்.

வெள்ளிக்கிழமைக்குள் புதுப் பிரதியை அனுப்பு, ஒரே இரவில் பார்த்துத் தருகிறேன். கோவிந்தன் சார் முன்வரிசையில்தான் உட்காருவார். அவர் கையில் மைக் போகாமல் பார்த்துக்கொள்.

அன்புடன்,
சரோஜா