'போல' வந்தாலே உவமை அணியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேர்வு நெருங்கினால் இதழ்களின் மாணவர் பக்கங்களில், செய்யுளுக்கு அழகு சேர்க்கும் அணிகளின் பெயரும் இலக்கணமும் பட்டியலாக வந்துவிடுகின்றன. அவற்றை வரி பிசகாமல் ஒப்பிக்கும் மாணவரிடம் புதிய பாடல் ஒன்றைக் கொடுத்தால், உடனே 'போல' எங்கே என்று தேடுகிறார். சறுக்குவது அங்கேதான்.

கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது, மதில் கொடிகள் 'வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட' (வராதீர்கள் என்பதுபோல் கைகாட்டித் தடுக்க) என்கிறது சிலப்பதிகாரம். 'போல்' இருப்பதால் பலரும் உவமை அணி என்று எழுதிவிடுகிறார்கள். காற்றில் கொடி அசைவது இயல்பு. பின்னால் வரும் துயரத்தை மனத்தில் வைத்து, அந்த அசைவின்மேல் புலவர் தம் குறிப்பை ஏற்றுகிறார். எனவே இது தற்குறிப்பேற்ற அணி. 'அகர முதல எழுத்தெல்லாம்' குறளிலோ 'போல' போன்ற உவம உருபே கிடையாது. உவமையும், சொல்ல வந்த பொருளும் தனித்தனித் தொடராக நிற்பதால் அது எடுத்துக்காட்டு உவமை அணி.

அணியின் பெயரைக் கடைசியில் கேட்பதே நல்லது. எதைச் சொல்ல வந்தார், எதனோடு ஒப்பிட்டார், இரண்டுக்கும் பொதுவானது எது, இணைக்கும் சொல் எது என்று முதலில் பிரிக்கட்டும். 'பவளம் போன்ற செவ்வாய்' என்பதில் வாய் பொருள், பவளம் உவமை, செம்மை பொதுத்தன்மை, 'போன்ற' உருபு. 'பவளவாய்' என்றால் உருபு மறைந்த உவமைத்தொகை. 'வாய்ப்பவளம்' என்று திருப்பிப் போட்டால் உருவகம். பொருளே மறைந்து உவமை மட்டும் நின்றால் பிறிதுமொழிதல்: மயிலிறகு அளவுக்கு மிஞ்சினால் வண்டியின் அச்சு முறியும் என்னும் 475ஆம் குறள் உணர்த்துவது, எளிய பகைவரும் பலர் கூடினால் ஆபத்து என்பதை; ஆனால் அதில் பகைவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. 'பிறவிப் பெருங்கடல்' குறளில் பிறவி கடலாகிறது, இறைவன் அடி தெப்பமாக்கப்படவில்லை; அதனால்தான் ஒரு பகுதியை மட்டும் உருவகமாக்கும் ஏகதேச உருவகம். வெறுமனே 'உருவகம்' என்று எழுதுபவர் இந்த விடுபாட்டைக் கவனிக்கவில்லை என்று பொருள்.

எதுகையில் வரும் பிழை வேறு வகை. சொற்களின் இரண்டாம் எழுத்து ஒன்றாக இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். முதலெழுத்தும் குறில், நெடில் என்னும் அளவில் ஒக்க வேண்டும். பட்டு, தட்டு எதுகை. பட்டு, பாட்டு ஆகாது.

அணியிலக்கண நூலான தண்டியலங்காரத்தின் 35 பொருளணிகளையும் ஒரே மூச்சில் திணிப்பதால் பயனில்லை. வாரம் ஒரு பாடலை அணியின் பெயர் குறிப்பிடாமல் வெளியிடுங்கள்; எந்தச் சொல்லைக் கொண்டு எந்த அணி என்று முடிவு செய்வது என்ற விளக்கத்தை மறுவாரம் தாருங்கள்.

இப்படிக்கு,
தமிழாசிரியர்கள் சிலர்