மின்தடை கூடினால் வெப்பம் கூடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் அறிவியல் பக்கத்தில் ஓம் விதி குறித்து வெளியான கட்டுரையைப் படித்தேன். மாணவர்களுக்குப் புரியும் எளிய நடையில் இருந்த அக்கட்டுரையில் ஒரு வரி மட்டும் உறுத்தியது: "மின்தடை கூடக் கூட வெப்பம் கூடும், அதனால்தான் ஹீட்டர் கம்பிக்கு மின்தடை அதிகம்." இது பாதி உண்மை. மீதிப் பாதி சொல்லப்படாததால், படிப்பவர் விஷயத்தைத் தலைகீழாகப் புரிந்துகொள்ளக் கூடும்.

230 வோல்ட்டில் இயங்கும் 1000 வாட் ஹீட்டரின் மின்தடை சுமார் 53 ஓம். அதே மின்னழுத்தத்தில் எரியும் 60 வாட் குண்டு பல்பின் மின்தடையோ சுமார் 880 ஓம். மின்தடை அதிகமுள்ளது பல்புதான், ஆனால் அதிக வெப்பம் தருவது ஹீட்டர். (இழையின் வெப்பநிலையைச் சொல்லவில்லை, நொடிக்கு நொடி வெளிவரும் ஆற்றலைச் சொல்கிறேன்.) இங்கே மின்னழுத்தத்தை நிர்ணயிப்பது மின்வழங்கி, மின்தடையை நிர்ணயிப்பது கருவி, இவ்விரண்டும் முடிவான பிறகு, மின்னோட்டம் அவற்றின் வகுத்தலாக வந்து சேர்கிறது. ஆகவே ஹீட்டரில் 4.3 ஆம்பியரும் பல்பில் 0.26 ஆம்பியரும் பாய்கின்றன. மின்னழுத்தம் மாறாதிருக்கும் இடத்தில் மின்தடை குறைந்தால்தான் வெப்பம் கூடும். குறுக்குச்சுற்று ஏற்படும்போது கம்பி உருகுவதும் இதனால்தான்.

இனி, இதே ஹீட்டரையும் பல்பையும் தொடரிணைப்பில் சேர்த்து, அதே 230 வோல்ட்டைக் கொடுத்ததாகக் கணக்கிட்டுப் பார்க்கலாம். இரண்டிலும் பாய்வது ஒரே மின்னோட்டம், ஏறத்தாழ கால் ஆம்பியர். ஹீட்டரின் பங்குக்கு வருவது 13 வோல்ட் மட்டுமே என்பதால் அது 3 வாட் அளவுக்கு வெதுவெதுப்பாவதோடு நின்றுவிடும். பல்போ சற்று மங்கலாக, ஆனாலும் நன்றாகவே எரியும். இங்கே மட்டும் கட்டுரையாளரின் வரி செல்லுபடியாகிறது, ஏனெனில் மின்னோட்டம் இரண்டுக்கும் பொது.

சரியாக முறுக்கப்படாத திருகின் அடியில் இருக்கும் தளர்ந்த இணைப்பும் இதே வகைதான். 10 ஆம்பியர் பாயும் சுற்றில் அந்த இணைப்பில் அரை ஓம் மின்தடை ஏற்பட்டால், மொத்த மின்தடையில் அது சிறு பங்கு என்பதால் மின்னோட்டம் பெரிதாகக் குறையாது. ஆனால் அந்த ஒரு புள்ளியில் 5 வோல்ட் இழக்கப்பட்டு, 50 வாட் வெப்பம் பிறக்கும். கருவி வழக்கம்போல இயங்கிக்கொண்டிருக்க, பிளக்கின் பிளாஸ்டிக் மட்டும் கருகுவது இப்படித்தான். கட்டுரையில் ஹீட்டருக்குப் பதிலாக இந்த எடுத்துக்காட்டு இடம்பெற்றிருந்தால் அந்த வரி பொருந்தியிருக்கும்.

இன்னொன்று. கியோர்க் சைமன் ஓம் வோல்ட்டா மின்கலத்தைக் கொண்டே இவ்விதியை நிறுவினார் என்று எழுதப்பட்டுள்ளது. அவர் தொடங்கியது அதில்தான். ஆனால் அந்தக் கலங்களின் மின்னழுத்தம் நிலையாக நில்லாததால், 1826-இல் பிஸ்மத்–செம்பு வெப்ப இரட்டைக்கு (இரு உலோகங்களின் சந்திகளுக்கிடையிலான வெப்பநிலை வேறுபாட்டால் மின்னழுத்தம் தரும் அமைப்பு) மாறினார். ஒரு சந்தி கொதிநீரிலும் மறு சந்தி பனிக்கட்டியிலும் இருந்ததால் அவருக்கு மாறாத மின்னழுத்தம் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு கம்பிகளை மாற்றி மாற்றி அளந்தார். முடிவுகளை 1827-இல் நூலாக வெளியிட்டார். எதை மாறாமல் பிடித்து வைக்கிறோம் என்ற கேள்விக்கு அவர் கொடுத்த இடத்தைக் கட்டுரை கொடுக்கவில்லை என்பதே என் குறை.

வெப்பநிலையும் மாறாதிருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் கட்டுரை விட்டுவிட்டது. நான் மேலே சொன்ன 880 ஓம் என்பது பல்பு எரியும்போது உள்ள அளவு. குளிர்ந்த நிலையில் மல்டிமீட்டரால் அளந்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது.

அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுவதாயின், அந்த வரியின் தொடக்கத்தில் "ஒரே மின்னோட்டம் பாயும்போது" என்ற சொற்களைச் சேர்த்து, ஹீட்டர் பற்றிய பகுதியை நீக்கிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்