கரிசலில் உடைந்த பைப்

டாலஸ்
ஆகஸ்ட், ஞாயிறு

மாப்ள,

நாலு மாதமாக உனக்கு எழுதவில்லை. மாமா காரியத்துக்கும் வரவில்லை. போனில் ரெண்டு வார்த்தை பேசியதோடு சரி. அது மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. இந்த வாரம் முழுக்க மாமா நினைப்புதான், அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியவள் காலேஜில் சேர்ந்துவிட்டாள்.

வீட்டு முன்னால் புல்தரை இருக்கிறதே, அதற்கு மண்ணுக்கடியில் பைப் ஓடுகிறது. அதில் ஒரு வரிசைத் தெளிப்பான்கள் பாதி உயரம்கூட எழும்பவில்லை. தண்ணீர் பில் இரண்டு மடங்கு. தெருவே காய்ந்து கிடக்க, ஓக் மரத்தடியில் ஒரு முழ இடம் மட்டும் பச்சைப்பசேல் என்று இருந்தது. கால் வைத்தால் புதைந்தது. பார்க்க வந்த ஆள் 450 டாலர் கேட்டார். நானே இறங்கிவிட்டேன்.

இங்கே நினைத்தவுடன் மண்வெட்டி போட முடியாது. தோண்டுமுன் 811 என்ற நம்பருக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டு இரண்டு வேலைநாள் பொறுக்க வேண்டும். கேஸ் குழாய்க்கு மஞ்சள், கரண்டுக்குச் சிவப்பு என்று தரையில் கோடு போட்டுத் தருவார்கள். காசு கிடையாது. மெயின் ரோட்டில் ஜேசிபி குடிநீர்க் குழாயைக் கிழிக்கும்போதெல்லாம் நீ தொண்டை கிழியக் கத்துவாயே, உன்னைத்தான் நினைத்தேன்.

முக்கால் அடி தோண்டியிருப்பேன். மண்ணைக் கையில் அள்ளியதும் என்னவோ செய்துவிட்டது, மாப்ள. நம்ம கரிசல்! டாலஸிலிருந்து தெற்கே சான் அன்டோனியோ வரைக்கும் இந்தக் கருப்பு மண் நீண்டு கிடக்கிறது. ஈரத்தில் உப்பி, வெயிலில் சுருங்கி வெடிக்கிற அதே குணம். பைப்பை இழுத்து உடைத்ததும் அதுதான். பைப் திரும்புகிற இடத்தில் இருக்கிற எல்போவின் கழுத்தில் தலைமுடி கனத்துக்கு ஒரு கீறல். வால்வைத் திறந்தால் அதிலிருந்து விசிறி மாதிரி தண்ணீர் பீறிட்டது.

ஒரு அடி நீளத்துக்கு அறுத்து எடுத்தேன். புதைந்து கிடக்கிற பைப்பை வளைத்து இரண்டு முனையையும் கோர்க்க முடியாதே. அதற்காகவே இழுத்தால் நீளுகிற கப்ளிங் ஒன்று கிடைக்கிறது. அதோடு புது எல்போவும் வாங்கி, ஒட்டுமுன் பூசுகிற ஊதா பிரைமர் தடவி, பைப் ஒட்டும் சொல்யூஷன் போட்டு, சொருகிக் கால் சுற்று திருப்பி, அரை நிமிஷம் அழுத்திப் பிடித்தேன். மறுநாள் பார்த்தால் கசிவு. குழியில் ஊறிய தண்ணீர் பைப்பின் அடிப்பக்கத்தை நனைத்திருக்கிறது.

கிணற்றடி பைப் மாற்றியபோது மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்து முனையைத் துடைத்துக்கொண்டே இருந்தாரே, “ஈரம் இருந்தா பிடிக்காதுடா” என்று. அவர் மாதிரியே குழியை வற்ற இறைத்து, துடைத்து, மறுபடியும் ஒட்டினேன். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டேன். விடிகாலையில் கடைசித் தெளிப்பானின் தலையைக் கழற்றி, உள்ளே போன சேறு வெளியேறும்வரை தண்ணீர் விட்டேன். கலங்கலாக வந்தது, அப்புறம் தெளிந்தது. ஒட்டு சொட்டவில்லை.

மூடும்போது அந்த மண்ணை அப்படியே தள்ளவில்லை. இரண்டு மூட்டை மணல் வாங்கிப் பைப்பைச் சுற்றிப் போட்டேன். கரிசல் இழுத்தாலும் மணல் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும் என்று அன்றைக்குக் கிணற்றடியில் மாமா ஒரு வண்டி மணல் அடிக்கச் சொன்னார். நாம் இரண்டு பேரும் தட்டுத் தட்டாகச் சுமந்து முனகினோம். குழிக்குள் மணலைக் கொட்டும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. காரியத்துக்கு வந்திருக்க வேண்டும், மாப்ள. லீவு கிடைக்கவில்லை என்று உன்னிடம் சொன்னேன். அழுத்திக் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும்.

டிசம்பருக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். கிணற்றடி பைப் இப்போது எப்படி இருக்கிறது என்று பார்த்து எழுது. வருகிற ஞாயிறு காலை கூப்பிடுகிறேன். போனை அத்தை கையில் கொடு.

உன்
மாப்ள