அந்தச் சிரிப்பு வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் 'பீயிங் தேர்' படத்தைப் பற்றி வந்த கட்டுரையை ஆசையாகப் படித்தேன். 1979-இல் வந்த படத்தை இன்றைக்கு எடுத்து எழுதியதற்கே நன்றி சொல்ல வேண்டும். ஆனால் கடைசியில் பெயர்கள் ஓடும்போது, நாயகன் சான்ஸாக நடித்த பீட்டர் செல்லர்ஸ் படப்பிடிப்பில் வசனம் சொல்ல முடியாமல் சிரித்துத் திணறும் துண்டுகளை 'கூடுதல் விருந்து' என்று எழுதியிருந்தீர்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த அருமையான முடிவைக் கெடுப்பதே அதுதான்.

கடைசிக் காட்சியில், பணக்காரர் பென் ராண்டின் சவப்பெட்டியைச் சுமந்து போகிறவர்கள், அடுத்த ஜனாதிபதியாக யாரை நிறுத்தலாம் என்று முணுமுணுக்கிறார்கள். அவர்கள் கண் விழுவது சான்ஸ் மேல். வாஷிங்டனில் ஒரே வீட்டுக்குள் தோட்டமும் டிவியுமாகவே வயதாகிப்போன, எழுதப் படிக்கத் தெரியாத மனிதர் அவர். செடி கொடியைப் பற்றி அவர் சொன்னதைப் பொருளாதார யோசனை என்று ஜனாதிபதியே நம்பியாயிற்று. சான்ஸோ கூட்டத்தை விட்டு விலகிப்போய், சாய்ந்து கிடக்கும் ஒரு சின்ன மரக்கன்றை நிமிர்த்திவிடுகிறார். அப்புறம் ஏரி மேல் நடக்கிறார்.

நடுவில் நின்று, கையிலிருக்கும் குடையைப் பக்கத்துத் தண்ணீருக்குள் விட்டுப் பார்க்கிறார். குடை ஆழமாக இறங்குகிறது. எனக்கு அந்தக் குடைதான் உயிர். அது இல்லையென்றால், 'அங்கே முழங்கால் தண்ணீர்கூட இருக்காது' என்று நாம் சமாதானம் சொல்லிக்கொள்வோம். குடை அந்த வழியை அடைத்துவிடுகிறது. இயக்குநர் ஹால் ஆஷ்பி ஒரு விளக்கமும் தரவில்லை. அதுவரை, சான்ஸ் சொல்லும் ஒவ்வொரு வார்த்தைக்கும் மற்றவர்கள் அர்த்தம் கற்பிப்பதைப் பார்த்துச் சிரித்தோம். இப்போது நாமே, 'இவர் யார்? மகானா?' என்று அர்த்தம் தேட ஆரம்பிக்கிறோம்.

அந்தக் கேள்வி மனதில் ஊறுவதற்குள் அந்தத் துண்டுகளைப் போட்டால் என்ன ஆகும்? சான்ஸ் காணாமல் போய்விடுகிறார். செல்லர்ஸ் என்ற நடிகர் வந்துவிடுகிறார். படம் முழுக்க தன்னை அவ்வளவு கவனமாக மறைத்துக்கொண்ட நடிகர்! இந்த வேடத்துக்காகப் பல வருஷம் காத்திருந்தவர் அவர். அந்தத் துண்டுகளைச் சேர்த்தது மயக்கத்தையே கலைத்துவிட்டது என்று ஆஷ்பியிடம் அவரே வருத்தப்பட்டுச் சொன்னார். 1980 ஜூலையில் இறந்தும் போனார்.

நகைச்சுவைப் படம், சிரிப்போடு முடிந்தால் என்ன என்று சிலர் கேட்கலாம். இந்தப் படத்தில் சிரிக்க வேண்டியவர்கள் நாம். சான்ஸுக்கு எதுவுமே வேடிக்கையாகத் தெரியாது, அதனால்தான் நமக்குச் சிரிப்பு வருகிறது. அந்த முகமே விழுந்து விழுந்து சிரித்தால் அப்புறம் என்ன மிச்சம்?

இந்தப் படத்தைப் பற்றி மறுபடி எழுதினால், முதல்முறை பார்ப்பவர்களுக்கு ஒன்று சொல்லுங்கள்: சான்ஸ் ஏரி மேல் நடக்கும்போது கேட்கும் ஜனாதிபதியின் இரங்கல் உரை முடிந்ததும் படத்தை நிறுத்திவிடுங்கள் என்று.

தங்கள் நெடுநாள் வாசகர்