பழைய படங்களின் முகத்தைத் தேய்த்துவிடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய படங்களை டிஜிட்டலில் புதுப்பிப்பது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1964-இல் வந்த ‘கர்ணன்’ 2012-இல் மெருகேறித் திரும்ப வந்து ஓடியதைப் பார்த்தவன் நான். இந்த வேலையின் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஆனால் படத்தில் ஒரு புள்ளிகூட இல்லாமல் துடைத்துவிடுவதுதான் நேர்த்தி என்று கட்டுரை சொன்னது மனதை உறுத்துகிறது.

தியேட்டரில் இருபது வருடம் ஆபரேட்டராக இருந்தேன். பிரிண்டில் கோடு விழுந்திருந்தால் ‘மழை பெய்யுது’ என்று கீழிருந்து கத்துவார்கள். அந்தக் கோடும் தூசியும் அழுக்குதான், எடுக்கத்தான் வேண்டும். கிரெயின் எனப்படும் பொடிப் புள்ளிகள் அப்படியல்ல. கறுப்பு வெள்ளை பிலிமில் உருவமே பொடிப்பொடியான வெள்ளித் துகள்களால் ஆனது. அதை அடியோடு எடுத்தால் கூடவே முகமும் போகும்.

வினாடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள், ஓடும். ஒவ்வொன்றிலும் கிரெயின் இடம் மாறும், பின்னாலிருக்கும் தூண் மாறாது. இதை வைத்துத்தான் மென்பொருள் முன்பின் பிரேம்களை ஒப்பிட்டுச் சராசரி எடுக்கிறது. தூண் சுத்தமாகிவிடும். சரி, ஆடுகிறவரின் கை? அளவு மீறினால் அதன் பின்னால் நிழல்போல ஒரு தடம் இழுபடும். ஒரே பிரேமுக்குள் பக்கத்துப் புள்ளிகளைக் குழைக்கும் முறையும் உண்டு. கிரெயின் எது, புடவைச் சரிகை எது என்று அதற்குச் சரியாகப் பிரிக்கத் தெரியாது. அண்மையில் இணையத்தில் பார்த்த ஒரு பழைய படத்தில் கதாநாயகியின் கன்னம் மெழுகுபோல் இருந்தது. அவர் நின்றால் புடவைக் கரை தெரிகிறது, நடந்தால் மறைகிறது. பார்க்கவே வேதனையாக இருந்தது.

நாய்ஸை, அதாவது படத்தில் நெளியும் புள்ளிகளை, குறைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நம் படங்கள் பலவற்றுக்கு நெகட்டிவ், அதாவது கேமராவில் ஓடிய மூலப் பிலிம், இல்லை. பிரதிக்குப் பிரதி எடுத்த பிரிண்டில் கிரெயின் கூடித்தான் இருக்கும், கொஞ்சம் தணிக்கலாம். வீடியோ கேசட்டில் தெரியும் கொசகொசப்போ வெறும் மின் இரைச்சல். என் தங்கையின் கல்யாண கேசட்டைக் கணினிக்கு மாற்றியபோது, ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் நாய்ஸைக் குறைக்கும் என்எல்மீன்ஸ் வடிகட்டியை லேசான அளவில் வைத்தேன். கேசட்டுக்கென்றே அதில் தனி அமைப்பு இருக்கிறது. முதலில் பத்து வினாடிக்கு மட்டும் போட்டு, ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். நிறுத்திவைத்த படம் ஏமாற்றிவிடும்.

டாவின்சி ரிசால்வ் போன்ற படத்தொகுப்பு மென்பொருள்களில், நீக்கப்பட்டதை மட்டும் தனியாகப் பார்க்க வழி உண்டு. அங்கே வெறும் மணல்போலத் தெரிந்தால் நல்லது. கண், மூக்கு, முடியின் கோடு தெரிந்தால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம்.

படங்களைப் புதுப்பிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஸ்கேன் செய்த கோப்பை எந்த வடிகட்டியும் போடாமல் அப்படியே ஒரு பிரதி பத்திரப்படுத்துங்கள். பிரிண்ட் நைந்து போன பிறகு திரும்ப ஸ்கேன் செய்ய முடியாது.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஆபரேட்டர்,
திண்டுக்கல்.