தை மாத டில்லிக் கல்யாணத்துக்குப் போகும் மகளுக்கு

ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள பாப்பா,

நேற்று போனில் சொல்லி முடிக்காததை உட்கார்ந்து எழுதுகிறேன். உன் தோழிக்குத் தை பிறந்து ஒரு வாரத்தில் கல்யாணம் என்றாய். நாம் மார்கழியில் கல்யாணம் வைக்காத மாதிரி, வடக்கேயும் சூரியன் தனுசில் இருக்கும் வரை வைக்க மாட்டார்கள். சங்கராந்தி கழிந்ததும் வரிசையாக வரும். டில்லியில் குளிர் உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான். ராத்திரி 7, 8 டிகிரி சாதாரணம். சில நாள் 4க்கும் கீழே இறங்கும். இங்கே மழை நாளில் 23 டிகிரிக்கே உன் அப்பா போர்வை தேடுவார். கோலாலம்பூரில் நீ பார்த்த குளிரும் ஆபீஸ் ஏர்கான்தான்.

2001-இல் அப்பாவின் நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்கு டில்லி போனோம். அப்போது உனக்கு மூன்று வயது, பாட்டியிடம் விட்டுப் போனோம். கையில்லாத ரவிக்கையும் ஷிஃபான் புடவையும் கட்டிக்கொண்டு போனேன். பந்தல் போட்டது திறந்த புல்வெளியில். மாப்பிள்ளை ஊர்வலம் வந்து சேரவே பத்து மணியாகிவிட்டது. நள்ளிரவுக்கு மேல் மணமக்கள் அக்கினியை வலம் வரும் ஃபேரா நடந்தபோது நான் காருக்குள் அப்பாவின் கோட்டைப் போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தேன். அவ்வளவு தூரம் போயும் கல்யாணத்தைப் பார்க்கவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. உனக்கு அப்படி ஆகக் கூடாது.

அதனால் பாட்டியின் மயில்கழுத்துக் காஞ்சிப் பட்டை எடுத்து வைத்திருக்கிறேன். ஷிஃபான், ஜார்ஜெட் எல்லாம் காற்றை உள்ளே விடும். கெட்டிப் பட்டு விடாது. சிவப்பு மணப்பெண்ணுக்குரிய நிறம், புடவையில் அதை நீ தொடாதே. ஆனால் பட்டு மட்டும் போதாது. உள்ளே யூனிக்லோ கடையின் ஹீட்டெக் என்ற குளிர்கால உள்சட்டை, கால்களுக்கும் அதே. மெல்லியதுதானே என்று நினைக்காதே, ஒன்றன்மேல் ஒன்றாகப் போடும் துணிகளுக்கு நடுவே நிற்கும் காற்றுதான் உடம்புச் சூட்டைப் பிடித்து வைக்கும். அதற்குப் பதிலாகப் பருத்தி பனியன் போடாதே. ஊர்வலத்தில் ஆடி வியர்த்தால் அந்த ஈரம் ராத்திரி முழுக்கக் குளிரும். கழுத்து இறக்கமான சட்டையாக வாங்கியிருக்கிறேன், ரவிக்கைக்கு வெளியே தெரியாது.

ரவிக்கை அரக்கு வெல்வெட், முழுக்கை, முதுகு மூடியது. முதுகில் ஜன்னல் வைக்கும் ஆசையை அடுத்த சித்திரைக்கு வைத்துக்கொள். தேக்காவில் நமக்கு எப்போதும் தைத்துக் கொடுக்கும் அண்ணனிடம் உன் பழைய அளவு ரவிக்கையோடு இந்த ஹீட்டெக் சட்டையையும் கொடுத்து, அதற்கு மேல் போடுவதற்குத் தோதாகத் தைக்கச் சொன்னேன்.

சால்வை என் கல்யாணத்தில் பெரியத்தை கொடுத்த பஷ்மினா. லடாக் மலையாட்டின் அடிமயிரில் நெய்தது, கனமே இருக்காது. மூட்டை மாதிரி சுற்றிக்கொண்டு பட்டை மறைத்துவிடாதே. முந்தானை இடது தோளில் சரிகை தெரியும்படி தொங்கட்டும். சால்வையை நீளவாக்கில் மடித்து வலது தோளில் ஊக்கு குத்திக்கொள். நன்றாகக் குளிரும்போது பிரித்துப் போர்த்தலாம். டில்லியில் யாராவது ஷாதுஷ் சால்வை என்று காட்டினால் வாங்காதே. திபெத்திய மானைக் கொன்றுதான் அதற்கான மயிரை எடுக்கிறார்கள், விற்பதும் குற்றம்.

செருப்பு வேண்டாம், புல்லில் பனி இறங்கும். வடக்கே போடும் ஜுத்தி என்ற மூடிய காலணியைப் போட்டுக்கொள், உள்ளே தோல் நிறத்தில் மெல்லிய காலுறை. ஃபேரா பக்கத்தில் உட்காரும்போது ஜுத்தியைக் கழற்றச் சொல்வார்கள், அப்போது காலுறைதான் காப்பாற்றும். மெஹந்தி பகலில் என்றால் வெயில் சுகமாக இருக்கும், சாதாரண சுடிதாரும் ஒரு துப்பட்டாவும் போதும்.

தேங்காய் எண்ணெய் அங்கே வெள்ளையாக உறைந்துவிடும். கெட்டுவிட்டதென்று கொட்டிவிடாதே. உள்ளங்கையில் தேய்த்தால் உருகும், உதட்டுக்கும் கன்னத்துக்கும் தடவிக்கொள்.

எல்லாவற்றையும் சனிக்கிழமை பஸ்ஸில் வரும் சித்தியிடம் கொடுத்தனுப்புகிறேன். பெட்டியைத் திறந்ததும் ரவிக்கையை ஹீட்டெக் மேல் போட்டுப் பார்த்துவிட்டு போன் செய். இறுக்கமாக இருந்தால் பக்கத் தையலைப் பிரித்துக்கொள்ளலாம். உள்ளே ஒரு அங்குலம் துணி விடச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா