அரிவாள் செல் நோயாளிக்கு இரத்தம் கேட்கும் படிவத்தை மாற்றுங்கள்: இரத்தமேற்றல் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மருத்துவமனை இரத்தமேற்றல் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

வார்டிலிருந்து இரத்த வங்கிக்கு ஒரு கோரிக்கைப் படிவம் வருகிறது. நோய் என்ற கட்டத்தில் 'இரத்தசோகை' என்று ஒற்றைச் சொல். அதன் கீழே, 'பேக்டு செல் 2 யூனிட், அவசரம்' (பேக்டு செல் என்பது பிளாஸ்மாவைப் பெரும்பாலும் நீக்கிய சிவப்பணு). படுக்கையில் இருப்பவருக்கு சிக்கிள் செல் எனப்படும் அரிவாள் செல் நோய் (சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து இரத்தக்குழாய்களை அடைக்கும் பரம்பரை நோய்) இருப்பதை அந்தத் தாள் சொல்வதில்லை. இரத்த வங்கியும் ஏ, பி, ஓ வகையையும் ஆர்.எச். டி-யையும் பார்த்து, கிராஸ்மேட்ச் (பையின் இரத்தம் நோயாளியின் இரத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்ற சோதனை) சரியாக வந்ததும் பையை அனுப்பிவிடுகிறது. மற்ற பெரும்பாலான நோயாளிகளுக்கு இது போதும். இவர்களுக்குப் போதாது. இவர்களுக்கென்று தனிப் படிவம் ஒன்றைக் கொண்டுவாருங்கள் என்று கேட்பதற்காகவே இம்மடல்.

அந்தப் படிவத்தில் முதலில் இருக்க வேண்டியது, நோயாளி நன்றாக இருக்கும் நாட்களில் அவருடைய ஹீமோகுளோபின் எவ்வளவு என்ற கேள்வி. டெசிலிட்டருக்கு 7, 8 கிராம் அளவிலேயே நடமாடி வேலை பார்த்துப் பழகிய உடம்பு இது. அந்த எண்ணைப் பார்த்துப் பதறி ஏற்றும் இரத்தத்தால் நன்மை எதுவும் இல்லை. வலி மட்டுமே இருந்து வேறு சிக்கல் இல்லையென்றாலும் அப்படித்தான். இரத்தம் ஏற்றி வலியைத் தணிக்க முடியாது. அதற்கு வேண்டியது தாமதமில்லாத, போதுமான வலிநிவாரணியும் சரியான அளவு திரவமும். எனவே வழக்கமான அளவு, இன்றைய அளவு, ரெட்டிகுலோசைட் (புதிதாக உருவான இளம் சிவப்பணு) எண்ணிக்கை மூன்றையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். வழக்கத்தைவிட 2 கிராமோ அதற்கு மேலோ இறங்கி, மண்ணீரலும் வீங்கியிருந்தால் இரத்தம் மண்ணீரலில் தேங்குகிறது என்று பொருள். ஹீமோகுளோபினோடு ரெட்டிகுலோசைட்டும் சரிந்திருந்தால் எலும்பு மஜ்ஜை தற்காலிகமாக வேலையை நிறுத்தியிருக்கிறது. குழந்தைகளில் இதற்குப் பெரும்பாலும் பார்வோவைரஸ் பி19 தான் காரணம். இரண்டுக்கும் இரத்தம் தேவைதான். ஆனால் அளவு ஒன்றல்ல.

அளவுக் கட்டத்தில் 'யூனிட்' என்ற சொல்லே வேண்டாம், குறிப்பாகக் குழந்தைகளுக்கு. மி.லி. கணக்கில் எழுத வேண்டும். எடை, உயர வேண்டிய கிராம், 4 மூன்றையும் பெருக்கினால் தோராயமான அளவு கிடைக்கும். 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு மஜ்ஜை நின்றுபோய் ஹீமோகுளோபின் 5 ஆகியிருக்கிறது, 8-க்குக் கொண்டுபோக வேண்டும் என்றால் 240 மி.லி. அதே குழந்தைக்கு மண்ணீரலில் இரத்தம் தேங்கியிருந்தால் கிலோவுக்கு 5 மி.லி. வீதம் 100 மி.லி. கொடுத்துவிட்டுப் பொறுத்திருந்து மறுபடி பரிசோதிக்க வேண்டும். மண்ணீரல் பிடித்துவைத்திருக்கும் சிவப்பணுக்கள் ஓரிரு நாளில் திரும்ப ஓட்டத்துக்கு வந்துவிடும். சூத்திரப்படி முழுசாக ஏற்றியிருந்தால் அப்போது ஹீமோகுளோபின் எக்குத்தப்பாக ஏறிவிடும்.

ஏறினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அரிவாள் அணுக்கள் நிறைந்த இரத்தம் அடர்த்தியாக அடர்த்தியாக ஓட்டம் மந்தமாகும். ஆகவே ஹீமோகுளோபின் எஸ் (அணுக்களை அரிவாளாக வளைக்கும் வகை) விகிதம் குறையாத நிலையில் மொத்த அளவை மட்டும் 10 கிராமுக்கு மேல் தள்ளினால் திசுக்களுக்குப் போகும் ஆக்சிஜன் அதிகரிக்காது, குறையும். தலைவலி, வலிப்பு, பக்கவாதம் வரை போகலாம். 'இன்னும் ஒரு பை போட்டால் தெம்பு வரும்' என்ற பழைய பழக்கம் இந்த நோயில் ஆபத்து. படிவத்தில் 'உச்ச வரம்பு 10' என்று அச்சிட்டே விடுங்கள்.

எஸ் விகிதத்தை வேகமாகக் குறைக்க வேண்டும், மொத்த அளவும் ஏறக்கூடாது என்ற நிலையில்தான் பரிமாற்றம், அதாவது நோயாளியின் இரத்தத்தை எடுத்துவிட்டுத் தான இரத்தத்தை ஏற்றுவது, வருகிறது. பக்கவாதம், வேகமாக மோசமாகும் கடும் நெஞ்சு நோய்க்குறி (இந்த நோயில் நுரையீரலைத் தாக்கும் சிக்கல்) இரண்டும் முக்கியமானவை. பொதுவான இலக்கு எஸ் 30 சதவீதத்துக்குக் கீழே. இயந்திரம் இல்லாத இடத்தில் கையாலும் செய்யலாம். பெரியவர் ஒருவருக்கு 500 மி.லி. இரத்தம் எடுத்து, 500 மி.லி. சலைன் ஏற்றி, மறுபடி 500 மி.லி. எடுத்து, 2 யூனிட் சிவப்பணு ஏற்றுவது ஒரு சுற்று. தேவைக்கேற்பச் சுற்றுகள் கூடும். ஹீமோகுளோபின் ஏற்கெனவே மிகக் குறைவாக இருந்தால் எடுப்பதில் தொடங்காமல் ஏற்றுவதில் தொடங்க வேண்டும். உதட்டைச் சுற்றி மரத்துப்போகிறது, விறுவிறுக்கிறது என்று நோயாளி சொன்னால் பையிலுள்ள சிட்ரேட் கால்சியத்தை இறக்கிக்கொண்டிருக்கிறது. வேகத்தைக் குறைத்துக் கால்சியம் பாருங்கள்.

பக்கவாத அறிகுறியுடன் வருபவருக்கு 2 மணி நேரத்துக்குள் இரத்தம் ஏறத் தொடங்க வேண்டும். அதற்குள் பரிமாற்றத்துக்கு ஏற்பாடு செய்ய முடியாது, ஹீமோகுளோபினும் 8.5 அல்லது அதற்குக் கீழே என்றால் இயந்திரத்துக்காகக் காத்திருக்காமல் சாதாரணமாகவே ஏற்றத் தொடங்கிவிடலாம், பரிமாற்றம் பின்னால் வரட்டும்.

இனிமேல் சொல்வதுதான் நாங்கள் அதிகம் கவலைப்படும் பகுதி.

திரும்பத் திரும்ப இரத்தம் பெறும் இந்த நோயாளிகளின் உடம்பு, தானம் வந்த அணுக்களிலுள்ள தனக்கில்லாத ஆன்டிஜென்களுக்கு (அணுவின் மேற்பரப்பிலுள்ள அடையாளங்களுக்கு) எதிராக ஆன்டிபாடி எனும் எதிர்ப்புப் புரதத்தை உருவாக்குகிறது. அதைத் தவிர்க்கத்தான் ஆர்.எச். வகையில் பெரிய சி, சிறிய சி, பெரிய ஈ, சிறிய ஈ, கூடவே கெல் வகையின் கே ஆகியவற்றையும் பொருத்திக் கொடுக்க வேண்டும் என்கிறோம். இதற்கு நோயாளியின் சொந்த ஆன்டிஜென் வகை தெரிய வேண்டும். அதை அறிய எளிய நேரம் ஒன்றே ஒன்று, வாழ்நாளின் முதல் பை ஏறுவதற்கு முன். ஏற்றிய பின் எடுத்த மாதிரியில் ஜெல் கார்டை (வகை பார்க்கும் சோதனை அட்டையை) பார்த்தால் தெரியும்: ஒரே குழாயில் ஒரு கோடு மேலே நிற்கும், இன்னொன்று அடியில் உட்கார்ந்திருக்கும். தானம் தந்தவரின் அணுவும் நோயாளியின் அணுவும் கலந்து கிடக்கின்றன. சுமார் 3 மாதத்துக்கு இந்தக் கலப்பு ஓயாது. அப்போது மரபணுச் சோதனைதான் வழி, அதுவோ எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. முதல் நாளே எடுக்கும் ஒரு ஈ.டி.டி.ஏ. (இரத்தம் உறையாமல் வைக்கும் பொருள்) குழாய் இந்தச் சிரமத்தையெல்லாம் மிச்சப்படுத்தும்.

ஆன்டிபாடி ஒளிந்துகொள்ளவும் செய்யும். உருவான சில மாதங்களில் அதன் அளவு தேய்ந்து, ஸ்கிரீனிங் சோதனையில் 'இல்லை' என்று வரும். கிட் என்ற இரத்த வகைக்கு எதிரான ஆன்டிபாடிகள் இதில் பேர்போனவை. மீண்டும் அதே ஆன்டிஜென் உள்ள பை ஏறினால் பழைய நினைவு விழித்து, சில நாட்களில் பெரும் அளவில் திரும்பிவரும். இன்றைய கிராஸ்மேட்ச் ஒத்துப்போனது என்பது இன்றைய சாட்சி மட்டுமே. எனவே 'இதற்கு முன் எங்கே, எப்போது இரத்தம் ஏற்றினார்கள்' என்ற கட்டம் காலியாக வரும் படிவத்தைத் திருப்பி அனுப்பவும், அந்த இரத்த வங்கியைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்கவும் தொழில்நுட்பருக்கு அதிகாரம் கொடுங்கள். நோயாளி கையில் ஆன்டிஜென், ஆன்டிபாடி விவரங்கள் எழுதிய அட்டை இருக்கட்டும்.

தானம் தருபவரைப் பற்றியும் ஒரு சொல். அரிவாள் செல் பண்பைச் சுமப்பவரின் (ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் அந்த மரபணுவைப் பெற்று, நோயின்றி இருப்பவரின்) இரத்தம் இவர்களுக்கு வேண்டாம். ஏற்றியபின் எஸ் விகிதத்தை அளந்தால் எது யாருடையது என்று புரியாது. (வெள்ளணு வடிகட்டியில் அடைத்துக்கொண்டு நிற்கும் பை பலமுறை இப்படிப்பட்டவருடையதாகவே இருக்கும்.) நோயாளியின் அண்ணன், தங்கையைத் தானத்துக்கு அழைப்பதையும் தவிருங்கள், அவர்கள் பண்பைச் சுமப்பவர்களாக இருக்க வாய்ப்பு அதிகம், பின்னாளில் மஜ்ஜை மாற்றத்துக்கும் அவர்களே தேவைப்படலாம்.

ஏற்றி முடித்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பதால் நேரும் கேடு பெரிது. 3 வாரங்களுக்குள், பெரும்பாலும் இரண்டாவது வாரத்தை ஒட்டி, நோயாளி வலி, காய்ச்சல், கறுத்த சிறுநீரோடு திரும்பி வரலாம். அதைப் புதிய வலி நெருக்கடி என்று எழுதிவிடுவார்கள். ஹீமோகுளோபின் ஏற்றுவதற்கு முன் இருந்ததைவிடவும் கீழே போயிருந்தால், ஹீமோகுளோபின் ஏ (தான இரத்தத்தோடு வரும் இயல்பான வகை) விகிதமும் மளமளவென்று குறைந்திருந்தால், அது ஏற்றிய இரத்தத்தால் வரும் தாமதித்த சிவப்பணுச் சிதைவு. தானம் வந்த அணுக்களோடு நோயாளியின் சொந்த அணுக்களும் அழிகின்றன. கூம்ஸ் சோதனை (சிவப்பணுவில் ஒட்டிய ஆன்டிபாடியைத் தேடுவது) எதிர்மறையாக வந்தாலும், புது ஆன்டிபாடி கிடைக்காவிட்டாலும் இதை நிராகரிக்க முடியாது. இன்னொரு பை போட்டால் எரிகிற தீயில் எண்ணெய். உயிருக்கு ஆபத்து இல்லாதவரை ஏற்றுவதை நிறுத்தி, இரத்தவியல் மருத்துவரை உடனே அழைத்து, இம்யூனோகுளோபுலினும் ஸ்டீராய்டும் தொடங்குவதுதான் முறை. இதை அடையாளம் காண ஒப்பிட ஓர் அளவு வேண்டும். ஆகவே ஏற்றி முடித்த 48 மணி நேரத்துக்குள் ஹீமோகுளோபினும் ஏ விகிதமும் அளந்து டிஸ்சார்ஜ் தாளில் எழுதுவதைக் கட்டாயமாக்குங்கள். ஏற்றிய 1 முதல் 3 மாதத்துக்குள் ஆன்டிபாடி ஸ்கிரீனிங் ஒன்றும் வேண்டும்.

மாதாமாதம் ஏற்றிக்கொள்ளும் குழந்தைகள் தனிக் கணக்கு. மூளை இரத்தக்குழாயில் டாப்ளர் ஸ்கேன் காட்டும் இரத்த ஓட்ட வேகம் நொடிக்கு 200 செ.மீ. அல்லது அதற்கு மேல் உள்ளவர்களுக்குத் தொடர் இரத்தமேற்றல் முதல் பக்கவாதத்தைப் பெருமளவு தடுக்கிறது என்று 1998-ல் வெளியான ஸ்டாப் ஆய்வு காட்டியது. அந்த ஏற்றலோடு கூடவே வருவது இரும்பு. ஒரு யூனிட்டில் 200 முதல் 250 மி.கி. இருக்கிறது, அதை வெளியேற்ற உடம்புக்கு வழியில்லை. இதுவரை ஏற்றிய மொத்த மி.லி.யைப் படிவம் கூட்டிக்கொண்டே வந்தால் இரும்பு நீக்கும் மருந்து எப்போது தொடங்குவது என்ற கேள்வி தள்ளிப்போகாது. ஃபெரிட்டினை (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் புரதத்தை) மட்டும் நம்ப வேண்டாம், காய்ச்சலிலும் வலியிலும் அது தானாகவே ஏறும்.

கடைசியாக ஒரு விதிவிலக்கு. உயிர் ஊசலாடும் நேரத்தில் கட்டங்கள் நிரம்பவில்லை என்று பையை நிறுத்திவைக்கக் கூடாது. ஏ, பி, ஓ பொருந்தும் இரத்தத்தை உடனே கொடுங்கள். ஆனால் அந்தப் பை தொங்குவதற்கு முன் எடுத்த குழாய் இரத்த வங்கிக்கு வந்து சேர வேண்டும். விட்டுப்போன கட்டங்களை 24 மணி நேரத்துக்குள் நிரப்புவது யார் பொறுப்பு என்பதைப் பதவிப் பெயரோடு படிவத்திலேயே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
இரத்த வங்கி ஆய்வகத்திலும் இரத்தவியல் வார்டிலும் பணிபுரிவோர்